தோட்டக்காரரின் கேள்வி: டவுன்ஸ்வில் நகரமும் நாமும்

தேசிய சேவைக்குப் போய்வந்த பையன்களிடம் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அங்க ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் காடு, தூசி. ராத்திரியானா குளிரு. கங்காரு மட்டும் வந்து எட்டிப் பாக்கும்." 1990லிருந்து சிங்கப்பூர் ராணுவம் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ஷோல்வாட்டர் பே பகுதியில் 'வாலபி' என்ற பெயரில் பயிற்சி நடத்திவருகிறது. அப்பாவும் அங்கே போயிருப்பார், மகனும் போயிருப்பான். இருவர் சொல்வதும் இதே வாக்கியம்தான்.

2020 மார்ச்சில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஷோல்வாட்டர் பேயை விரிவாக்குவதோடு, வடக்கே கிரீன்வேல் என்ற இடத்தில் புதிய பயிற்சிக் களம் ஒன்றையும் சிங்கப்பூரின் செலவில் உருவாக்குவது என்பது ஏற்பாடு. இரண்டும் சேர்ந்தால் சிங்கப்பூரைப் போல் பத்து மடங்கு பரப்பு. ஆண்டுக்கு 18 வாரம், 14,000 பேர் வரை, 25 ஆண்டுகளுக்கு அங்கே பயிற்சி பெறலாம். கிரீன்வேல் எங்கே இருக்கிறது என்று தேடப்போய்த்தான் டவுன்ஸ்வில் என்ற ஊரில் வந்து நின்றேன். கிரீன்வேலிலிருந்து கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தால் கடலோரத்தில் இருக்கிறது அந்த ஊர்.

டவுன்ஸ்வில் பெரிய நகரம் இல்லை. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் காசில் ஹில் என்று 286 மீட்டர் உயரத்தில் இளஞ்சிவப்புக் கருங்கல் குன்று ஒன்று நிற்கிறது. எதிரே மேக்னடிக் தீவு. ஊருக்குத் தெற்கே ஸ்டூவர்ட் மலை. அந்த மலையடிவாரத்தில் இரண்டு பெரிய வளாகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஆஸ்திரேலிய ராணுவத்தின் மூன்றாம் பிரிகேட் இருக்கும் லாவராக் படைமுகாம். இன்னொன்று ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 2003லிருந்து இங்கேயும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. சிம்ஸ் டிரைவ் பக்கம் போனால் பார்க்கலாம்.

ராணுவமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய நடுத்தர ஊர்கள் உலகம் முழுக்க உண்டு. மாணவர் வருவார், போவார். சிப்பாய் வருவார், போவார். ஊர் சம்பளப்பணத்திலும் வாடகையிலும் ஓடும். டவுன்ஸ்வில்லும் மேலோட்டமாக அப்படித்தான். ஆனால் அந்த இரு வேலிகளுக்கு நடுவே, புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர் கேட்ட கேள்வி ஆஸ்திரேலியாவின் சட்டத்தையே மாற்றியது. அந்தக் கேள்வி ஜொகூர் வரைக்கும் வந்திருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர் வரைக்கும்.

டவுன்ஸின் ஊர்

ஊரின் பெயர் ராபர்ட் டவுன்ஸ் என்ற சிட்னி கப்பல் வியாபாரியிடமிருந்து வந்தது. 1860களின் நடுவில் ஜான் மெல்டன் பிளாக் என்பவர், மேற்கே உள்ள மாட்டுப் பண்ணைகளுக்கு ஒரு துறைமுகம் தேவை என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். பணம் போட்டவர் டவுன்ஸ். 1866இல் ஒரே ஒருமுறை வந்து பார்த்தார். அதற்குள் ஊருக்கு அவர் பெயர் வைத்தாகிவிட்டது. அங்கே காலங்காலமாக இருந்த வுல்குருகாபா, பின்டல் மக்கள் அந்த மண்ணுக்கு வைத்திருந்த பெயர்களை யாரும் கேட்கவில்லை.

டவுன்ஸின் பெயர் இன்னொரு காரியத்துக்காகவும் நினைவில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியிருந்த சமயம். பிரிஸ்பனுக்கு அருகே பருத்தித் தோட்டம் போட்ட அவருக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. 1863இல் 'டான் ஹுவான்' என்ற கப்பலில் பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 67 பேரைக் கொண்டுவந்து இறக்கினார். அதிலிருந்து தொடங்கியது. பிறகு கரும்புத் தோட்டங்கள் வந்தன. 1904 வரை வனுவாட்டு, சாலமன் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து ஏறக்குறைய 62,000 ஒப்பந்தங்களின் கீழ் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் விரும்பி வந்தார்கள். சிலர் ஏமாற்றப்பட்டார்கள். சிலரைக் கடத்தியே கொண்டுவந்தார்கள். 'பிளாக்பேர்டிங்' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஆறு பவுன்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. சஞ்சிக்கூலி என்றால் என்ன, ஆள்கட்டி என்றால் என்ன, கங்காணி முன்பணம் கொடுத்தால் அது எத்தனை வருஷம் கழுத்தில் தொங்கும் என்பதெல்லாம் நம் வீடுகளில் சொல்லப்பட்ட கதைகள். மலாயாவில் கரும்பும் காப்பியும் பிறகு ரப்பரும் எப்படி ஆள் கேட்டனவோ அப்படித்தான் குவீன்ஸ்லாந்திலும். முடிவு மட்டும் வேறு. ஆஸ்திரேலிய நாடு 1901இல் உருவானதும் முதல் சட்டங்களில் ஒன்றாக இந்தத் தீவு மக்களைத் திருப்பி அனுப்பச் சட்டம் போட்டது. வெள்ளையர் ஆஸ்திரேலியா என்பதுதான் கொள்கை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அதில் உண்டு. சில ஆயிரம் பேர் எப்படியோ தங்கினார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் கரும்பு ஊர்களில் இருக்கிறார்கள்.

2005இல் டவுன்ஸுக்கு ஊரில் சிலை வைத்தார்கள். 2020இல் யாரோ அந்தச் சிலையின் கைகளில் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள்.

படை வந்த ஊர்

டவுன்ஸ்வில்லை ராணுவ நகரமாக்கியது ஜப்பான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவின் வடகரை திடீரென்று முன்வரிசை ஆனது. சுமார் முப்பதாயிரம் பேர் இருந்த ஊருக்குள் அமெரிக்கரும் ஆஸ்திரேலியருமாக அதைவிடப் பெரிய படை வந்து இறங்கியது. கார்பட் விமானதளத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் நியூகினி பக்கம் பறந்தன. அந்த ஜூலையில் ஜப்பானியக் கடல்விமானங்கள் மூன்று முறை வந்து குண்டு போட்டன. சேதம் என்று சொன்னால் ஊனூன்பாவில் சில தென்னை மரங்கள்தான். அந்தத் தென்னைமரக் கதையை ஊர்க்காரர்கள் இன்றும் சிரித்தபடி சொல்வதுண்டு.

சிரிக்காமல் சொல்ல வேண்டிய கதை ஒன்று அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது. வந்த அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவர் கொண்ட பொறியியல் பட்டாளம் ஒன்று இருந்தது. ஓடுபாதை போடுவதும் பாலம் கட்டுவதும் அவர்கள் வேலை. கட்டளையிடுபவர்கள் வெள்ளை அதிகாரிகள். வெள்ளையர் ஆஸ்திரேலியா அவர்களை வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே விட்டிருந்தது. 1942 மே 22 இரவில், அதிகாரிகளின் இனவெறி அவமதிப்பு பொறுக்காமல் அவர்களில் சிலர் துப்பாக்கியைத் திருப்பினார்கள். அதிகாரிகளின் கூடாரங்களை நோக்கி இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. செய்தி அப்படியே அமுக்கப்பட்டது. எழுபது ஆண்டு கழித்துத்தான், போர்க்காலச் செய்தியாளர் ஒருவர் எழுதி அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சனிடம் கொடுத்த அறிக்கையை, ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆவணக் காப்பகத்திலிருந்து தோண்டி எடுத்தார். ஊரில் பாதிப்பேருக்கு அதுவரை இது வதந்தி. மீதிப்பேருக்கு அதுவும் தெரியாது.

போர் முடிந்து படைகள் போயின. ஆனால் வடக்கே ஒரு நிரந்தரப் படை வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. 1960களின் நடுவில், கான்ஃப்ரண்டாசி ஒருபக்கம், வியட்நாம் ஒருபக்கம் என்று இருந்த காலத்தில், லாவராக் முகாம் எழுந்தது. 1966 ஜூலையில் பிரதமர் ஹெரல்ட் ஹோல்ட் திறந்துவைத்தார். அங்கே பின்னாளில் நிலைகொண்ட முதலாம், இரண்டாம் பட்டாலியன்கள் நம் ஊருக்குப் பழகியவை. அவசரகாலத்தில் இரண்டாம் பட்டாலியன் 1955லிருந்து 1957 வரையும், முதலாம் பட்டாலியன் 1959லிருந்து 1961 வரையும் மலாயாவில் இருந்தன. கெடா, பேராக் காடுகளிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் சுற்றின. காலையில் பால்மரத்துக்குப் போகும் நம் ஆட்களை நிறுத்தி, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்த அந்தக் காலம்.

நூலகத்துக்கு வெளியே

முகாமுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் வந்ததும் அதே காலத்தில்தான். 1961இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிளைக் கல்லூரியாகத் தொடங்கி, 1970இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. பவளப்பாறை ஆய்வும் வெப்பமண்டல மருத்துவமும் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. 1967 வாக்கில் அங்கே தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தவர் எடி கொய்கி மாபோ. அப்போது அவருக்கு 31 வயது.

மாபோ, டவுன்ஸ்வில்லுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவில் 1936இல் பிறந்தவர். பிறந்ததும் தாய் இறந்துவிட, தாய்மாமன் பென்னி மாபோ தீவு வழக்கப்படி அவரை மகனாக எடுத்து வளர்த்தார். இளவயதில் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியதற்காகத் தீவிலிருந்து விலக்கப்பட்டவர், படகில், கரும்புக் காட்டில், ரயில் பாதையில் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்து டவுன்ஸ்வில் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் புல் வெட்டினார், செடி வைத்தார். நேரம் கிடைத்தபோது நூலகத்துக்குள் போனார். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஆய்வுக் குழு அவருடைய தீவைப் பற்றி எழுதிய தொகுதிகள் அங்கே இருந்தன. தன் பாட்டன்மார்களைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதியதைத் தோட்டக்காரர் வாசித்தார். விரிவுரைகளில் போய் உட்கார்ந்தார். பிறகு தானே வகுப்புகளில் தன் மக்களைப் பற்றிப் பேசவும் செய்தார்.

ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரு வரலாற்று ஆசிரியர்கள் அவருக்கு நண்பர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெனால்ட்ஸின் அறையில் உட்கார்ந்து மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாபோ மெர் தீவில் தனக்குள்ள நிலத்தைப் பற்றிச் சொல்கிறார். எந்த மரம் எல்லை, எந்தக் கல் எல்லை, தனக்குப் பிறகு யாருக்குப் போகும் என்றெல்லாம். இரு ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்த நிலம் சட்டப்படி உங்களுடையது இல்லை, 1879இல் தீவை இணைத்துக்கொண்ட நாளிலிருந்து அது அரசுக்குச் சொந்தமான நிலம் என்று சொல்கிறார்கள். மாபோவால் நம்ப முடியவில்லை. என் நிலம் எப்படி இன்னொருவனுடையதாகும்?

அவர் கேட்டது இவ்வளவுதான். சட்டப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி அல்ல. பட்டா என்ற ஒன்று தேவைப்படாத அளவுக்குத் தன் நிலத்தைத் தெரிந்த ஒருவரின் திகைப்பு அது.

1974இல் பென்னி மாபோ சாகக் கிடந்தார். பார்க்கப் போவதற்கும் அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. வளர்த்த தகப்பன் மகனைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தார். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு வேறு கனம் வந்துவிட்டது.

1981 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழகத்தில் நில உரிமை பற்றி ஒரு மாநாடு நடந்தது. ஏற்பாடு செய்தது மாணவர் சங்கமும் ஊரிலிருந்த ஒரு சிறு குழுவும். மாபோ எழுந்து மெர் தீவின் நில வழக்கத்தை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த வழக்கறிஞர்கள், இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். 1982 மே 20இல் மாபோவும் இன்னும் நால்வரும் வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பும் கல்லறையும்

வழக்கு பத்தாண்டு இழுத்தது. நடுவில் 1985இல் குவீன்ஸ்லாந்து அரசு, அப்படி ஏதாவது உரிமை இருந்திருந்தால் அது இணைப்பு நாளிலேயே இழப்பீடின்றி அற்றுவிட்டது என்று ஒரு சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தனியாக வாதாடி 1988இல் ஜெயிக்க வேண்டியிருந்தது. உண்மைகளை விசாரித்த நீதிபதி மொய்னிஹன் 1990இல் தன் முடிவுகளைச் சொன்னார். அதில் மாபோவின் சொந்த நில உரிமையை அவர் ஏற்கவில்லை. தத்துப்பிள்ளை என்ற வழியில் அவர் கோரிய நிலம் நிரூபணமாகவில்லை என்றார். வழக்குக்குப் பெயர் கொடுத்தவருக்கு வழக்கில் நிலம் இல்லை. மற்றவர்களின் கோரிக்கை வழியே வழக்கு மேலே போனது. மாபோ விலகிக்கொள்ளவில்லை.

1992 ஜனவரி 21இல் புற்றுநோயால் அவர் இறந்தார். ஜூன் 3இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மெர் மக்களின் பக்கம். பிரிட்டன் வந்தபோது ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்ற அடிப்படையை ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம் கைவிட்டது. பூர்வகுடிகளின் நில உரிமை காலனி ஆட்சி வந்ததால் தானாக அழிந்துவிடவில்லை என்றது. மறு ஆண்டு நாடு முழுமைக்கும் பூர்வீக நில உரிமைச் சட்டம் வந்தது.

1995 ஜூன் 3, தீர்ப்பின் மூன்றாம் ஆண்டு. டவுன்ஸ்வில்லில் மாபோவின் கல்லறைக் கல்லைத் திறந்துவைத்து ஊரே கொண்டாடியது. அன்றிரவே யாரோ அதில் ஸ்வஸ்திகா வரைந்து, இனவசை எழுதி, அவருடைய உருவச் சிற்பத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். குடும்பம் அந்த ஊரில் அவரை விட்டுவைக்க விரும்பவில்லை. உடலைத் தோண்டி எடுத்து, செப்டம்பரில் மெர் தீவில் அடக்கம் செய்தார்கள். உயிரோடிருந்தபோது அனுமதி வாங்க வேண்டியிருந்த மண்ணுக்கு அவர் அப்படித்தான் திரும்பினார். 2008இல் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு எடி கொய்கி மாபோ நூலகம் என்று பெயர் வைத்தது. புல் வெட்டியவரின் பெயர் இன்று வாசலில் இருக்கிறது.

இந்தக் கதையில் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாபோவின் மனைவி போனிட்டா. இருவரும் 1959இல் திருமணம் செய்துகொண்டார்கள். பத்துப் பிள்ளைகள், அதில் மூவர் தத்து. 1973இல் டவுன்ஸ்வில்லில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக மாபோ தொடங்கிய சிறு பள்ளியில் போனிட்டாவும் வேலை செய்தார். அவர் பிறந்தது இங்ஹாம் பக்கத்துக் கரும்பு நாட்டில். வனுவாட்டுத் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். அதாவது ராபர்ட் டவுன்ஸ் தொடங்கிவைத்த அந்த ஆள்பிடிப்பின் வாரிசு. கணவருக்குப் பிறகு, அந்தக் கூலிச் சந்ததியினருக்கு அங்கீகாரம் கேட்டுப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1994இல் ஆஸ்திரேலிய அரசு அவர்களைத் தனிச் சமூகமாக அங்கீகரித்தது. 2018 நவம்பரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

மண்ணின் மைந்தரும் அந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்ட கூலியின் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் உரிமைக்காக மற்றவர் தன் கதையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. நமக்கு இது தேவைப்படுகிறது.

லிங்கியூ

1990இல் சிங்கப்பூரும் ஜொகூரும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் லிங்கியூ அணை கட்டுவது. மழையில்லாத காலத்திலும் ஆற்றில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது. நிலத்துக்கான இழப்பீடாக ஜொகூருக்குச் சிங்கப்பூர் 320 மில்லியன் ரிங்கிட் கொடுத்தது. அந்த நிலம் காடு. அந்தக் காட்டில் ஜக்கூன் என்ற ஓராங் அஸ்லி மக்கள் வேட்டையாடியும் பிரம்பு வெட்டியும் பழமரம் வளர்த்தும் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தார்கள். சுமார் 53,000 ஏக்கர். அவர்களை வெளியேற்றியபோது மரத்துக்கும் பயிருக்கும் ஏதோ ஒரு தொகை கொடுத்தார்கள். காட்டுக்கு ஒன்றுமில்லை. காடு அரசுடையது என்பதுதான் காரணம்.

அடோங் பின் குவாவ் என்பவரும் அவரோடு சேர்ந்த ஜக்கூன் மக்களும் ஜொகூர் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1997இல் சட்ட இதழ்களில் வெளியான அந்தத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம், அம்மக்கள் தங்கள் மூதாதையர் வாழ்ந்த விதமாகவே அந்நிலத்தில் வாழ்ந்து பயன்பெறும் உரிமை பொதுச் சட்டத்தின்படி உண்டு என்றது. அந்த உரிமையைப் பறித்தால் அரசமைப்புச் சட்டப்படி ஈடு கொடுக்க வேண்டும் என்று 26.5 மில்லியன் ரிங்கிட் வழங்கச் சொன்னது. அந்த முடிவுக்கு வர நீதிமன்றம் துணைக்கொண்ட வெளிநாட்டுத் தீர்ப்புகளில் ஒன்று மாபோ வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

அடுத்து சகோங் பின் தாசி வழக்கு. சிலாங்கூரில் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக டெங்கில் பக்கத்தில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்ததால் வந்தது. 2002இல் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பயன்பாட்டு உரிமை மட்டுமல்ல, அந்த நிலமே அவர்களுடையது என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதை ஆதரித்துத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். டவுன்ஸ்வில்லில் ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் எழுந்த கேள்வி இப்படித்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் காட்டிலிருந்து வருவது.

"காட்டை நாடாக்கினோம்"

மலேசியத் தமிழர் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் இது. காடாகக் கிடந்ததை நாம்தான் நாடாக்கினோம். பாம்புக்கடியிலும் மலேரியாவிலும் செத்தவர்களைப் புதைத்த மண்ணில்தான் ரப்பர் நின்றது. பொய்யில்லை. என் தாத்தா தலைமுறை உடம்பால் எழுதிய வரலாறு அது. அவர்களுக்கும் நிலம் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடு கம்பெனியுடையது. தோட்டத் துண்டாடல் காலத்தில் ஒரு அறிவிப்புத் தாளோடு வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் என்று தொடங்கி, தொழிலாளியையே தோட்டத்துக்குப் பங்குதாரராக்கப் பார்த்தது அந்த வலியால்தான். அந்த வாக்கியத்தை நாம் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கீகாரம் கிடைக்காத ஆற்றாமையிலும் சொல்கிறோம்.

ஆனாலும் அந்த வாக்கியத்தில் 'காடு' என்ற சொல்லை இப்போதெல்லாம் என்னால் எளிதாகத் தாண்டிப்போக முடியவில்லை. அங்கே யார் இருந்தார்கள்? 'அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காடு' என்று பையன்கள் சொல்வதும், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பிரிட்டன் சொன்னதும், காடாகக் கிடந்தது என்று நாம் சொல்வதும் ஒரே எடையுள்ளவை அல்ல. கூலியாக வந்தவருக்கும் ஆட்சியாளராக வந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. காட்டைப் பிடித்தது கம்பெனி, வெட்டியது நாம். ஆனால் மூன்று வாக்கியங்களுக்குள்ளும் காணாமல்போனவர்கள் ஒரே மாதிரியானவர்கள்.

நான் வாசித்த தோட்ட நாவல்களை யோசித்துப் பார்க்கிறேன். கங்காணி வருகிறார், துரை வருகிறார், கிராணி வருகிறார். கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், ஜப்பான்காரன், சயாம் மரண ரயில் எல்லாம் வருகின்றன. தோட்டத்தின் எல்லையில், காட்டு விளிம்பில் பெத்தாய்க் கூடையோடு நின்ற ஓராங் அஸ்லி மட்டும் வந்தாலும் ஓரிரு வரியில் மறைந்துவிடுகிறார், பெரும்பாலும் பயமாகவோ வேடிக்கையாகவோ. நம் பாட்டிகள் அவர்களை நிச்சயம் பார்த்திருப்பார்கள். தேனும் பெத்தாயும் வாங்கியிருப்பார்கள். அந்த உறவை நாம் எழுதவில்லை. அதை எழுதுவதால் நம் தியாகம் சிறியதாகிவிடும் என்ற பயம் ஏதும் இருந்தால், மாபோ வீட்டை நினைத்துக்கொள்ளலாம்.

கிரீன்வேலுக்குத் திரும்பி வருகிறேன். 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் பயிற்சிக் களத்துக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியபோது அந்த வட்டாரத்து மாட்டுப் பண்ணையாளர்கள் கொதித்துப்போனார்கள். நாலைந்து தலைமுறையாக நாங்கள் உழைத்த மண், எப்படி எடுப்பாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரசு பின்வாங்கியது. விற்க விரும்பியவர்களிடம் மட்டும் வாங்குவதாக முடிவானது. அதே வட்டாரத்தின் பூர்வகுடிகள் குகு பாதுன் மக்கள். மாபோ தீர்ப்பால் வந்த சட்டத்தின் கீழ் 2012இல் அவர்களுடைய பூர்வீக நில உரிமை அங்கே அங்கீகரிக்கப்பட்டது. நான்கு தலைமுறைக்காரர்கள் கேட்ட கேள்வியை அவர்கள் நூறாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இனிவரும் ஆண்டுகளில் நம் வீட்டுப் பையன்களும் அங்கே போவார்கள். டவுன்ஸ்வில் விமான நிலையத்தில் இறங்கி, லாரியில் ஏறி மேற்கே போவார்கள். திரும்பி வந்ததும் எப்படி இருந்துச்சு என்று கேட்போம். "ஒண்ணுமே இல்லண்ணே, வெறும் காடு" என்பார்கள். அப்போது அவர்களிடம் குகு பாதுன் என்ற பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அப்படியே ஜக்கூன் என்ற பெயரையும். பத்தாங் மலாக்காவிலும் சுங்கை சிப்புட்டிலும் தாத்தா வெட்டிய காட்டில் இருந்தவர்களின் பெயரை இனிமேல்தான் நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.